வெந்நீர் அடுப்போரம் விழித்த பூச்சிகள்

கம்பளிப்பூச்சி என்றால் இன்றைக்கும் எனக்கு உடம்பு அரிக்கும். யுத்த காலத்தில் ஒரு வருஷம் அது எங்கள் வேர்க்கடலைக் கொல்லையை மொட்டையடித்துவிட்டது. திருத்தணியில் மொட்டைக்கா பஞ்சம் என்று ஊரில் கேலி பேசினார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளாமையும் இப்படியே போனால் மில் வேலைக்குப் பட்டணம் போய்விடுவேன் என்றார். சொன்னால் செய்கிற ஆள். எனக்குக் கல்யாணமான புதிது, என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன்.

அந்த மார்கழியில் விவசாய ஆபீசர் ஒருவர் சைக்கிளில் வந்தார். பூச்சி ஒழிந்துபோகவில்லை, கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் தூங்குகிறது என்றார். எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். “குடும்பத்தோட தேடுங்க. கெடச்சதை உயிரோட வெச்சிருங்க. பொங்கல் கழிச்சி வர்றேன்” என்று சொல்லிப் போனார்.

ஊரே களைக்கொட்டும் கையுமாகக் கிளம்பியது. குழந்தைகுட்டியோடு பனியில் உட்கார்ந்து வரப்பையும் வேப்பமரத்தடியையும் கிளறினோம். ஒரு சாண் ஆழத்தில், பேரீச்சங்கொட்டை நிறத்தில் கிடந்தன. தொட்டால் வால்பக்கம் லேசாக நெளியும். கொல்லையையே தின்று தீர்த்த கூட்டமா இவ்வளவு சாதுவாகத் தூங்குகிறது? கிடைத்ததை அவரவர் சட்டியில் மண்ணோடு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனோம்.

உயிரோடு வைப்பது என்றால் எனக்குத் தெரிந்தது விதைநெல்தான். பனிக்காலத்தில் முளைகட்ட ஈரம் தெளித்து, வைக்கோல் மூடி, வெந்நீர் அடுப்போரம் வைப்போம். பூச்சிச் சட்டிக்கும் அதே உபசாரம் செய்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் காலை அடுப்பு மூட்டப் போனேன். வைக்கோல் அசைந்தது. விலக்கிப் பார்த்தால், கசங்கிய துணி போன்ற சிறகோடு ஒரு பூச்சி ஏறி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிறகு விரிந்தது. வெள்ளை வெளேரென்ற பின்சிறகில் கறுப்புப் பொட்டுகள், கழுத்தோரம் மஞ்சள் கரை. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. பகையாளி என்பதே மறந்து கைகூப்பிவிட்டேன்.

வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “இன்னாடி இது, எதிரிக்குப் பிரசவம் பாத்துகினு கீறியா?”

ஆபீசர் வந்ததும் பயந்துகொண்டேதான் சட்டியைக் காட்டினேன். மற்ற வீட்டுச் சட்டிகளில் எல்லாம் புழு தூங்கிக்கொண்டிருந்தது. நான் செய்ததைக் கேட்டவர் அங்கேயே குந்திவிட்டார். “சூடும் ஈரமும் சேர்ந்தா எழுந்துக்குது போலம்மா. அப்போ கோடைச் சூட்டுல மொத மழை விழுந்ததும் கெளம்பும். முட்டை வெக்கறதுக்கு முன்னாடி, ஊரே ஒண்ணா வெளக்கு வெச்சிப் புடிச்சிப் பாக்கலாம்.”

முதல் மழை வைகாசிக் கடைசியில் பெய்தது. அன்று முதல் பொழுது சாய்ந்ததும் கொல்லைக்குக் கொல்லை விளக்கு, அடியில் பூச்சி விழுந்து சாகத் தண்ணீர்த் தாம்பாளம். மண்ணிலிருந்து எழும்பி வந்தன பாருங்கள், மலையடிவாரம் முழுக்கச் சிறகு! நாங்கள் காலால் மிதித்து நடந்த மண்ணுக்குள் இத்தனை உயிரா என்று மலைத்து நின்றேன். பாவமாகவும் இருந்தது. ஆனாலும் தாம்பாளத்தை நான் எடுக்கவில்லை.

அந்த வருஷமும் அங்கங்கே இலை அரிபட்டது. ஆனால் செடி நின்றது. புரட்டாசியில் கடலை பிடுங்கும்போது வீட்டுக்காரர் ஒரு கொத்தை உதறிப் பார்த்தார்.

“நல்லா முத்திகீது. அடுத்த வருஷத்து வெதைக்கி இதுலியே எடுத்து வெச்சிடலாமா?” என்றார்.

ஆங் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.