கூண்டுக்குள் என் தோழி

அவள் கடலூர்க்காரி. நான் பாண்டிச்சேரி, முதலியார்பேட்டை. இரண்டு பேருக்கும் ஒரே எடைப் பிரிவு. அது ஒன்றுதான் எங்களைச் சேர்த்து வைத்தது.

முதல்முதலாக நாங்கள் மோதியது ஒரு மல்யுத்தப் போட்டியில். என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கி மேட் மெத்தையில் போட்டாள். விழுந்த வேகத்தில் எனக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. நடுவர் அவள் கையை உயர்த்தியதும் நேராக என்னிடம் வந்து குந்தினாள். "வாயத் தொறந்து மூச்சு உடு. ஒண்ணும் ஆவாது" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் என் தட்டிலிருந்த முட்டையை எடுத்துத் தின்றுவிட்டு, "தோத்தவளுக்கு எதுக்குடி முட்டை?" என்றாள். அப்படித்தான் பழகினோம்.

அவள் ஊரில் பெண்கள் யாரும் மல்யுத்தம் செய்யவில்லை. பையன்களோடு பிடித்துப் பழகி அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பாண்டிக்கு வந்துவிடுவாள். எங்கள் மேட், மூடிப்போன மில்லுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தது. அந்த மில்லில்தான் அப்பா நூற்புப் பிரிவில் இருந்தார். மில் மூடியபிறகு மூலக்குளத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். ஞாயிறு டூட்டி முடிந்ததும் பேக்கரியில் பன் வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வருவார். எங்களுக்கு ஆளுக்கு இரண்டு.

அப்பாவுக்கு மல்யுத்தத்தில் ஒரே ஒரு விதிதான் தெரியும். இரண்டு தோளும் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. யார் யாரைச் சாய்த்தாலும், எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் விசில் ஊதுவதற்கு முன்பே அவர் கத்திவிடுவார். "ரெண்டு தோளும் பட்டுச்சு! உடு, உடு!" மாஸ்டர் சிரித்துக்கொண்டே விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவார்.

இரண்டு பேரும் நன்றாக வந்துகொண்டிருந்த சமயத்தில் கொரோனா வந்தது. கொட்டகையைப் பூட்டினார்கள். பூட்டு திறந்த பிறகும் போட்டிகள் வரவில்லை. அணித் தேர்வு அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். மாஸ்டர் வேறு வேலைக்குப் போய்விட்டார். வயது ஏறிக்கொண்டிருந்தது. மல்யுத்தத்தில் இருபத்தாறு என்பது சின்ன வயதில்லை.

அப்போதுதான் பெங்களூரில் எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டைக்குப் பயிற்சிக்கூடம் நடத்தும் ஒருவர் என் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசினார். மல்யுத்தம் தெரிந்தவர்கள் அதில் சீக்கிரம் மேலே வரலாம், குத்தவும் உதைக்கவும் மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்றார். போட்டி வேண்டும் என்ற தவிப்பில் இருந்தேன். கிளம்பிவிட்டேன். "கம்பிக் கூண்டுக்குள்ள வுட்டு அடிச்சிக்கச் சொல்றாங்களாமே, அது இன்னா வெளையாட்டு?" என்று அம்மா கேட்டாள். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார்.

முதல் சண்டையில் எதிராளியைக் கீழே தள்ளி அசையவிடாமல் பிடித்துக்கொண்டேன். மல்யுத்தக்காரிக்கு அதுதானே வெற்றி? கூட்டம் ஊளையிட்டது. புள்ளிக் கணக்கில் நான்தான் ஜெயித்தேன். ஆனால் பயிற்சியாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கீழ போட்டா முடிஞ்சுது இல்ல. அங்கதான் ஆரம்பம். அடிக்கணும்" என்றார் தன் அரைகுறைத் தமிழில். அடிக்கக் கற்றுக்கொண்டேன். அடுத்தடுத்து ஜெயித்தேன். போஸ்டரில் என் படத்தின் கீழே ஏதோ ஒரு காட்டு விலங்கின் பெயரைப் போட்டார்கள். அதை நான் அப்பாவிடம் காட்டவில்லை.

ஒருநாள் அவள் போன் செய்தாள். "நானும் வரட்டுமாடி? இங்க சும்மா ஒக்காந்து ஒடம்பு கெட்டுப் போவுது."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வா" என்றேன். பாஷை தெரியாத ஊரில் தனியாக இருந்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே அறையில் தங்கினோம். பெங்களூர் மீனைத் திட்டிக்கொண்டே குழம்பு வைப்பாள். அடி வாங்குவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. மூக்கில் குத்து விழுந்தால் சிரிப்பாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும்.

வருஷம் திரும்புவதற்குள் அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சென்னையில் ஒரு பயிற்சிக்கூடத்துக்கு மாறிப்போனாள். இரண்டு பேரும் வேறு வேறு இடம் என்று ஆனது அப்படித்தான்.

சென்னையில் எனக்கு ஒரு சண்டை ஏற்பாடாகியிருந்தது. கடைசி வாரத்தில் எதிராளிக்குத் தோள் விலகிவிட்டது. அன்று சாயங்காலமே அவள் போன் வந்தது.

"ஒனக்கு ஆள் இல்லையாமே. என்னக் கேக்கறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னுட்டேன். ஏன், பயமா?"

"நாம ரெண்டு பேரு எப்டிடி..."

"எத்தினி ஞாயித்துக்கெழம புடிச்சிக்கிட்டோம். இதுல இன்னா புதுசு?" என்றாள். பிறகு குரல் மாறியது. "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. எனக்கோசரம் மெதுவா அடிக்காத. மெதுவா அடிச்சா எனக்குத் தெரியும். அது எனக்கு அசிங்கம்."

"நீயும் மெதுவா அடிக்காத."

"நான் எதுக்குடி மெதுவா அடிக்கப் போறேன்?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லியிருக்கலாம், நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் போட்டி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களை இரண்டு பேருமே மறக்கவில்லை. கிடைத்ததை விட மனசு வரவில்லை.

அப்பா வருகிறேன் என்றார். "மெட்ராஸ் கிட்டதான. இந்த வாட்டி பாத்துடறேன்." கூண்டுச் சண்டையை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். எதிரில் நிற்கப்போவது அவள்தான் என்று தெரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "நம்ம பொண்ணா? அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று போய் உட்கார்ந்தார்.

முதல் ரவுண்டு அவளுடையது. என் உதடு கிழிந்தது. இரண்டாவது ரவுண்டில் அவள் காலைப் பிடித்துச் சாய்த்தேன். இரண்டு தோளும் தரையில் பட்டன. அந்த இடத்தில் என் உடம்பு ஒரு கணம் நின்றது. விசிலுக்காகக் காத்திருந்த நிற்றல் அது. எத்தனையோ வருஷப் பழக்கம். அவளுக்கு அது தெரியும். அந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து முழங்கையால் என் தாடையில் இடித்தாள். அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. அடித்தேன். அவள் முகத்தைத் திருப்பினாள். இடது கண்ணுக்குக் கீழே என் கை இறங்கியது. மெல்லிய கையுறைக்கு உள்ளே, என் விரல் கணுக்களில், ஏதோ உள்வாங்கியது தெரிந்தது. தெரிந்த பிறகும் கை இன்னொரு தடவை இறங்கியது. நடுவர் வந்து என்னை இழுத்தார்.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. என் கையை உயர்த்தினார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டிருந்தாள். துண்டின் ஓரத்தை விலக்கி என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

வெளியே வந்தபோது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு தோளும் பட்டுச்சே பாப்பா" என்றார். "நான் உடு, உடுன்னு கத்துனேன். ஒனக்குக் கேக்கல."

கண்ணுக்கு அடியிலிருந்த எலும்பு உடைந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவள் அம்மா என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். உடம்பு முடியாதவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெளையாட்டுன்னா அடி படறதுதான். நீ சாப்டியாம்மா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீக்கம் வடிந்தது. பார்வை போகவில்லை. ஆனால் கீழே பார்த்தால் மட்டும் எல்லாம் இரண்டாகத் தெரிந்தது. போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. கூண்டுக்கு இனி வரக் கூடாது என்றார்கள். மல்யுத்தமும் போயிற்று. எதிராளியின் காலைப் பிடிக்கப் பாய்கிறவளுக்கு எதிரே நான்கு கால்கள் தெரிந்தால் எதைப் பிடிப்பாள்?

நான் அதற்குப் பிறகும் இரண்டு சண்டை போட்டேன். இரண்டிலும் தோற்றேன். கடைசிச் சண்டையில் எதிராளி எனக்குக் கீழே கிடந்தாள். என் கை மேலே போனது. போன இடத்திலேயே நின்றுவிட்டது. அவள் அந்தக் கையையே பிடித்து முறுக்கிப் பூட்டினாள். தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டேன். பயிற்சியாளருக்கும் புரிந்துவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

இதில் பெரிய வேடிக்கை, நான் திரும்பி வந்த அந்த வருஷமே மல்யுத்தத் தேர்வுகள் பழையபடி ஒழுங்காக நடக்க ஆரம்பித்தன. நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கக்கூடிய பெண்கள் மேடையில் பதக்கத்தோடு நிற்கிற படத்தை அவள் எனக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி: "நாம இருந்திருந்தா?" "நீதான் ஜெயிச்சிருப்ப" என்று அனுப்பினேன். அது பொய்யில்லை. மல்யுத்தத்தில் அவளை நான் ஜெயித்ததைவிட என்னை அவள் ஜெயித்ததுதான் அதிகம். கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும். இரண்டு வருஷமோ இரண்டரை வருஷமோ அந்தத் தகரக் கொட்டகையிலேயே கிடந்திருந்தால் போதும். நான் பொறுக்கவில்லை. நான் போனதால் அவளும் வந்தாள்.

இப்போது கருவடிக்குப்பத்தில் ஒரு ஜிம்மில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். அப்பாவிடம் யாராவது பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "குஸ்தி" என்கிறார். கூண்டைப் பற்றி அவர் வாயிலிருந்து இன்றுவரை ஒரு சொல் வந்ததில்லை.

போன மாதம் அவள் பாண்டிக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். பஸ்ஸின் மேல்படியில் நின்று, மோவாய் நெஞ்சில் படுமளவுக்குத் தலையைக் குனிந்து படியைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால்தான் ஒன்றாகத் தெரியுமாம். பின்னால் நின்றவர் "எறங்கும்மா, சீக்கிரம்" என்று அதட்டினார். நான் கையை நீட்டினேன்.

"கைய எடு. நானே எறங்குவேன்." காலால் துழாவித் துழாவி இறங்கினாள். இறங்கியதும் என் தோளை அழுத்திப் பார்த்து, "ஒடம்ப நல்லா ஏத்திட்ட போலருக்கே" என்று சிரித்தாள்.

மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருந்தோம். வேலை, அவள் அம்மாவின் உடம்பு, ஜிம்முக்கு வருகிறவர்கள் என்று எல்லாம் பேசினோம். நடுவில் நான், "அன்னிக்கு நான் வேணாம்னு..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாத" என்றாள். "சொன்னா அடுத்த பஸ்ஸுக்குப் போயிடுவேன்."

பிறகு அவளே சொன்னாள். "மொதல்ல சரின்னது நான்தான். மெதுவா அடிக்காதன்னதும் நான்தான்."

எனக்காகத்தான் அதைச் சொன்னாள். சுமையில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள் என்பது புரிந்தது. ஆனால் என்னால் அதை அவள் பக்கம் தள்ள முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. கணுக்களில் அன்று தெரிந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சட்டென்று ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். ஏறுவதில் அவளுக்குச் சிரமமே இல்லை. கடலூரில் இறங்கும்போது யாரும் அவளை அவசரப்படுத்தக் கூடாதே என்று நினைத்துக்கொண்டு, பஸ் கிளம்பும் வரை அங்கேயே நின்றிருந்தேன்.