ஈப்போவில் காசு வாங்காத பேருந்து

என் தங்கை ஈப்போவில் வாக்கப்பட்டவள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. தகவல் வந்ததும் தூத்துக்குடியிலிருந்து ஓடினேன். விமானத்தில் கோலாலம்பூர், அங்கிருந்து ரயில்.

"மத்தியானம் ஜெபம் முடிஞ்சதும் பெட்டிய மூடிடுவாங்கக்கா. ஸ்டேஷன்ல டாக்சி பிடிச்சு வந்துருங்க" என்று அவள் கணவர் சொல்லியிருந்தார்.

ஈப்போ ரயில் நிலைய வாசலில் டாக்சி ஒன்றுகூட இல்லை. என் கைபேசியும் அந்த நாட்டில் வேலை செய்யவில்லை. வழி கேட்டுக் கேட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். தங்கை வீடு இருக்கிற சிலிபின் பக்கம் போகிற வண்டி புறப்படத் தயாராக நின்றது. ஏறி, ஓட்டுநரிடம் பணத்தை நீட்டினேன்.

"தா போலே. காட் சஜா" என்றார் அந்தச் சீனர். நோட்டு பெரிதென்கிறார் போலிருக்கிறது என்று சின்ன நோட்டைக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்திலிருந்த கருவியைத் தட்டிக் காட்டினார். கார்டு இல்லாமல் ஏற முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது. பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். இறங்கினேன். வண்டி போய்விட்டது.

கார்டு விற்கும் கவுண்டர் மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை, தொழுகை நேரம். கையில் நோட்டுகளைப் பிடித்தபடி அதன் முன்னாலேயே நின்றேன். நெடுநேரம் கழித்து அடுத்த வண்டி வந்தபோது, தொழிற்சாலைச் சீருடை போட்ட ஒரு தமிழ்ப் பெண் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இங்க காசு வாங்க மாட்டாங்க-லா. ஏறுங்க, ஒங்களுக்கும் சேத்து நான் தட்டுறேன்" என்றாள், அந்த ஊர் 'லா' போட்டு.

நான் நீட்டிய பணத்தை அவள் வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஊருலேருந்தா வாரீங்க? யாரு வீட்டுக்கு?" என்றாள்.

"தங்கச்சி வீட்டுக்கு."

"தங்கச்சி நல்லா இருக்காங்களா?"

"நல்லாருக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. அதனால் நிறுத்தாமல் பேசினேன். அவள் வாய் ஓயாமல் சிரிப்பாள் என்றேன், மக்ரூன் என்றால் உயிரை விடுவாள் என்றேன். பையில் உண்மையாகவே மக்ரூன் இருந்தது. ஊரில் கடை வாசலைக் கடக்கும்போது கால் தானாக ஏறி வாங்கிவிட்டது. அந்தப் பெண் சிரித்தாள். "குடுத்து வச்ச தங்கச்சி-லா" என்றாள்.

தங்கையின் வீடு, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய குடியிருப்பில். அந்தப் பெண்ணுக்கும் அதே நிறுத்தம்தான். இறங்கினால், தெருவை அடைத்துக் கூடாரம். சவ வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. நான் அந்த வண்டியையே பார்த்து நின்றதில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த வீடாக்கா?"

பையை வாங்கிக்கொண்டு என் கையை இறுகப் பிடித்தாள்.

தங்கையின் கணவர் ஓடி வந்தார். "முடிஞ்சவரைக்கும் நிறுத்தி வச்சேன்கா. இப்பத்தான் மூடுனாங்க. தெறக்கச் சொல்றேன்."

ஒருவர் திருகாணியைக் கழற்றக் குனிந்தார். கூடாரத்துக்கு வெளியே, வண்டியருகே வெயிலில் வைத்திருந்த பெட்டியின் பக்கத்தில் தங்கை மகள் நின்றிருந்தாள். அழுது முடித்து அப்போதுதான் அடங்கியிருந்த பிள்ளை, அவர் குனிந்ததுமே இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றேன்.

"அக்கா, நீங்க பாக்கலியே..."

"வேண்டாம். பிள்ள தாங்காது."

பெட்டி வழவழவென்று, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது. தங்கை மகளிடம், "தல எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன். அவள் என் கையை எடுத்து மூடியின் மேல் வைத்து, "இங்க பெரிம்மா" என்றாள். வெயிலில் பலகை சுட்டது. பெட்டியைத் தூக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.