அம்மன் என் வாயைப் பூட்டிய நாள்

தலைவலி என் மனைவி காசியம்மாளுக்கு. வேண்டுதல் என்னுடையது. மாரியம்மனை நம்பும் உங்களிடம் இதைச் சொல்ல இத்தனை வருஷம் வெட்கப்பட்டேன். எனக்கு வெட்கம் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னாலே கச்சிராயபாளையத்தில் சிரிப்பார்கள்.

இரண்டாவது மகள் பிறந்த பிறகு ஆரம்பித்தது. தலையில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கும். வெளிச்சம் ஆகாது. கரும்பு வெட்டும் ஆட்கள் பேசும் சத்தம்கூட ஆகாது. வாந்தி எடுப்பாள். பிறகு தாடை. சோற்றை மெல்ல முடியாமல் கரைத்துக் குடித்தாள். அதன் பிறகு கழுத்து, தோள், இடுப்பு, முட்டி. மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டால்கூட முகம் சுளிப்பாள். வெளியே பார்த்தால் வீக்கம் இல்லை, காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

நான் வாய்க்காரன். டீக்கடையில் நாலு பேரைச் சிரிக்க வைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவள் வலிக்கு ‘டவுன் பஸ்’ என்று பேர் வைத்தேன். விருந்தாளி வந்தால் போதும். “இன்னாடி, இன்னிக்கு வண்டி எந்த ஸ்டாப்பிங்ல நிக்குது? தலையிலயா, முட்டியிலயா?” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரிப்பாள். அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பல் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நான் விடவில்லை. “வலிக்கிற பக்கம் புடுங்கி வுடுங்க சார். பல்லு கம்மியானா பேச்சும் கம்மியாவும்” என்றேன். டாக்டரும் சிரித்துவிட்டார். என் நச்சரிப்பில் இரண்டு நல்ல கடைவாய்ப் பற்கள் போயின. வலி போகவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் பிள்ளைகளோடு சங்கராபுரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். “வலி வுட்டா வரேன்” என்று மட்டும் சொன்னாள். இரண்டு மாதம் ஆயிற்று. நான் போய்க் கூப்பிட்டபோது வெளியே வரவே இல்லை. “வரலன்னு சொல்லுது மச்சான்” என்று அவள் அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னார். திரும்பும் வழியில் பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருந்தும் என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. இவள் இனி வரவே மாட்டாள் என்று நினைத்தேன்.

அன்று அம்மன் முன்னால் விழுந்து அழுதேன். “தாயே, அவ வலிய எடுத்துடு. அவ வூட்டுக்கு வரணும். ஆடி மாசம் வாய்ப்பூட்டு போட்டுக்கறேன்” என்று வேண்டினேன். இரண்டு கன்னத்துக்கும் குறுக்கே சின்ன வேல் குத்திக்கொண்டு, அதை எடுக்கும்வரை பேசாமல் இருக்கும் வேண்டுதல் அது. இந்த வாய் அதை வேண்டியது ஊருக்கே வேடிக்கையாக இருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எப்போது பஸ் ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆடி வெள்ளியன்று காலையில் பூசாரி எனக்கு வேல் குத்தினார். தனக்கான வேண்டுதல் என்று கேள்விப்பட்டு காசியம்மாளும் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். “கள்ளக்குறிச்சியில இன்னொரு கோயிலுக்குப் போவணும். பன்னண்டு மணி பஸ்ஸுல வந்து எடுத்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் பூசாரி கிளம்பினார். குத்தியவர் கைதான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம்.

பன்னிரண்டு மணி பஸ் வரவில்லை. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று சைக்கிளில் வந்தவர் சொன்னார். எடுக்க ஆள் இல்லை. கோயில் சுவரோரம் கிடைத்த நிழலில் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

“மாமா, நீ இப்ப குறுக்கப் பேச முடியாதுல்ல?”

தலையாட்டினேன்.

“அப்ப நான் சொல்றேன். தலவலி வரதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும். கண்ணு ஓரத்துல தகடு மாதிரி மின்னும். அதுக்குள்ள சோறாக்கி வெச்சிடணும்னு ஓடுவேன். இன்னாடி இப்பிடிப் பறக்கறன்னு நீ கேப்ப. சொன்னா சிரிப்பன்னு சொல்ல மாட்டேன்.”

தாடையைத் தடவிக்கொண்டாள்.

“பல்லு புடுங்கினப்ப நான் வலிக்கு அழுவல மாமா. வுட்டுடும்னு நானும் நம்பிக்கினுதான் வாயத் தொறந்தேன். நீ சிரிச்ச, டாக்டரும் சிரிச்சாரு. எனக்கு வலிக்குதுன்னு ஒருத்தருமே நம்பலயேன்னுதான் அழுதேன்.”

அப்போதுகூட ஒரு ஜோக் தொண்டை வரை வந்தது. பாவி எனக்கு வந்தது. குறுக்கே வேல் இருந்தது. விழுங்கினேன். அதற்குள் என் தாடை இறுகி, வலி காதுவரை ஏறி, வெயிலைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடியிருந்தேன். எனக்கு ஒரு பகல். அவளுக்கு அப்போதே நாலு வருஷம். அழுதேன். அவள் முந்தானையால் துடைத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பூசாரி நடந்தே வந்து சேர்ந்தார். மரம் தாண்டியதில் வேட்டி கிழிந்திருந்தது. “சீக்கிரம் எடுங்க பூசாரி, பகல் பூரா இவன் வயித்துல பேச்சு ஊறிக் கெடக்குது!” என்று என் பங்காளி கத்தினான். கூட்டம் சிரித்தது. பூசாரி வேலை உருவி எடுத்து, கன்னத்தில் திருநீறு வைத்து அழுத்தினார்.

“காசி, நான் தப்பு பண்ணிட்டேன்” என்றேன்.

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் பஸ் இல்லை. அதற்கு மறுநாள் சங்கராபுரம் பஸ் வந்து நின்றது. அவள் அதில் ஏறிப் போய், பிள்ளைகளையும் துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு சாயங்காலமே திரும்பி வந்தாள்.

வலி போகவில்லை. பொய் சாட்சி சொல்ல மாட்டேன். கேட்டதைத் தரவில்லையே என்று அம்மனிடம் நானே சண்டை போட்டிருக்கிறேன். பல வருஷம் கழித்து, மகள் சேலத்துக்கு அழைத்துப் போனாள். தலைவலிக்கு மைக்ரேன், உடம்பு வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று டாக்டர் பேர் சொன்னார். இரண்டாவது பேரைச் சொல்லவே என் தாடை வலித்தது. “இதுக்குப் பேரு கீது பாரு மாமா, நான் பொய் சொல்லல” என்று அவள் சீட்டைக் காட்டியபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மாத்திரையும் மெதுவான நடையுமாக நாள் ஓடுகிறது. நல்ல நாள் வருகிறது, கெட்ட நாளும் வருகிறது. கெட்ட நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு, குழைய வடித்துக் கஞ்சி வைப்பது என் வேலை. உப்புப் பார்க்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பிடுங்கிய பல்லையும் சிரித்துக் கழித்த வருஷங்களையும் எந்தத் தெய்வத்திடம் கேட்டும் திரும்ப வாங்க முடியாது.

ஆனாலும் அவள் வந்தாள். நான் வேண்டியதில் பாதியை அம்மன் செய்தாள். மீதிக்கு என் வாயைத் திருத்தினாள். உங்கள் வீட்டிலும் வலியோடு ஒருவர் இருந்தால், நம்பிக்கையாக வேண்டிக்கொள்ளுங்கள். அம்மன் கேட்பாள். வேண்டிவிட்டு வீட்டுக்குப் போய், வலிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கொஞ்சம் கேளுங்கள்.

இன்று காசியம்மாளுக்குக் கெட்ட நாள். உள்ளே படுத்திருக்கிறாள். பேசினால் அவளுக்குத் தலை வலிக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.