ரூபினி ஜோடி சேர்க்காத பாம்பு

பாம்பென்றால் நான் ஓட்டமெடுப்பவள். அப்படிப்பட்ட என்னை மலேசியாவில், உலு திராமில் ஒரு பாம்பு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். என் நாத்தனார் ரூபினி லைசென்ஸ் வாங்கிப் பின்னறையில் மூன்று பால் பைத்தான்களை வளர்க்கிறாள். குடிக்கிற பால் இல்லை; பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். சின்ன மலைப்பாம்புகள் அவை.

ரூபினிக்கு முப்பத்திரண்டு வயது. சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் வேலையில் இருந்தாள். அப்பாவிடமிருந்து வந்த கைநடுக்கம் அதிகமானதும் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே எல்லை தாண்டிப் போய்த் திரும்புவாள். பார்க்கும் எனக்கே பாவமாக இருக்கும்.

மூன்று பாம்புகளில் அழகன் ஜமீன். பொன்னிற உடம்பில் சிலந்தி வலைபோல மெல்லிய கறுப்புக் கோடுகள். ஆனால் அவன் தலை ஓரிடத்தில் நிற்காது. இடமும் வலமும் ஆடும், சில நேரம் முறுக்கிக்கொண்டு மேலே பார்க்கும். என் மாமியார் ராசம்மா பெக்கோக் ரப்பர் தோட்டத்தில், சாமியாட்டம் பார்த்தே வளர்ந்தவர். முதன்முதலில் பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அடியே, இது சாமி ஆடுதுடி!"

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதோறும் பெட்டிக்கு முன்னால் சூடம், பால், முட்டை. மகளுக்கு வரன் அமையுமா என்று கேட்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். தலை வலப்பக்கம் சாய்ந்தால் நல்ல சேதியாம். நானும் ஒருநாள் கேட்டேன், மறைப்பானேன்!

ரூபினி தலையில் அடித்துக்கொண்டாள். "சாமியும் இல்ல, பூதமும் இல்லம்மா. ரத்தத்துலயே வர்ற கோளாறு. அந்தக் கோடு வந்தா ஆட்டமும் கூடவே வரும். ரெண்டையும் பிரிக்க முடியாது. வாங்குறப்ப எனக்கே தெரியாது."

அந்தச் சமயத்தில்தான் ஜொகூர் பாருவில் செல்லப்பிராணிக் கடை வைத்திருக்கும் மகேஸ்வரன் வந்தார்.

"இவனோட குட்டிங்கள எனக்குக் குடு ரூபினி. கடையில உன்னைப் பார்ட்னரா சேத்துக்கிறேன். இனிமே நீ பஸ்ஸுல தொங்க வேணாம் லா."

"பாதிக் குட்டிங்க இவன மாதிரியே ஆடுமே அண்ணே."

"ஆடுனா என்ன? ஜனங்க அதையும் ரசிச்சுத்தான் வாங்குறாங்க."

ஒரு வாரம் ரூபினிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், ஜமீனை ஜோடி சேர்க்கப்போவதில்லை என்றாள். மாமியாருக்கு வந்ததே கோபம்!

"சாமியோட வம்சத்த அறுக்கப் பாக்கிறியா? உன் கையுந்தான் நடுங்குது. அதுக்காக உன்னைப் பெக்காம விட்டிருக்கணுமா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பெற்ற வாயா அது! ரூபினியின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அழவில்லை.

"எனக்கு முடியலன்னா நான் சொல்லுவேன்மா, வேற வழி தேடிக்குவேன். நீ என்னைப் பெத்தது அழகு பாத்து விக்கிறதுக்கா? இவன இப்படிப் பொறக்க வச்சது விக்கிறதுக்குத்தான். இவனால வாயத் திறந்து சொல்ல முடியுமா? இன்னைக்கு இவனுக்குச் சாப்பாட்டு நாள். ஒரு தடவ உக்காந்து முழுசா பாரு."

இரை வைக்கும்போது மாமியார் அந்தப் பக்கமே போகமாட்டார். அன்று வீம்புக்கு உட்கார்ந்தார். ரூபினி செத்த எலி ஒன்றை இடுக்கியில் பிடித்து நீட்டினாள். ஜமீன் பாய்ந்தான், காற்றைக் கவ்வினான். மறுபடி பாய்ந்து பெட்டிச் சுவரில் மோதினான். மூன்றாவது முறை வயிறு மேலே தெரியப் புரண்டு, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் தவித்தான். கடைசியில் ரூபினிதான் அவன் வாயருகே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மாமியார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். "சாமி ஆடுறவங்களுக்குக்கூட மலையேறினா நின்னுடுமே... உனக்கு நிக்கவே மாட்டேங்குதேடா, ராசா!"

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நின்று எல்லாரையும் அவரே திருப்பி அனுப்பினார். "இது சாமி இல்ல. புள்ளைக்கு உடம்பு சரியில்ல. வீட்டுக்குப் போங்க."

ரூபினி மகேஸ்வரனுக்குப் போன் போட்டு முடியாது என்றாள். பிழைக்கத் தெரியாத பெண் என்று சொல்லி அவர் பட்டென்று வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். வந்த லட்சுமியை எட்டி உதைக்கிறாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவளோ பெண் பாம்பை, மூன்றாவதாக இருந்த சாதாரணப் பழுப்பு ஆணோடு ஜோடி சேர்த்தாள். ஏழு முட்டை. கதகதப்பான பெட்டியில் இரண்டு மாதம் காத்தாள். ஏழும் பொரிந்தன. குட்டிகள் முதல் தோலை உரித்த பிறகு, முதல் இரை வைக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சேதி கேட்டு மகேஸ்வரனும் வந்து கைகட்டி நின்றார்.

ரூபினி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள். முதல் குட்டி தலையைத் தூக்கியது, அசையாமல் பார்த்தது, ஒரே பாய்ச்சல்! குறி தப்பவில்லை. மாமியார் எண்ண ஆரம்பித்தார். ரெண்டு, மூணு, நாலு... ஐந்தாவதற்கு நானே கைதட்டிவிட்டேன், பாம்பென்றால் ஓடுகிற நான்!

"ஏழு! ஏழும் நேரா கவ்வுதுடி!" என்று மாமியார் தெருவுக்கே கேட்கக் கத்தினார். ரூபினி அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

மகேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "ஆடுற குட்டிய வாங்குனவங்க, சாப்பிட மாட்டேங்குதுன்னு திருப்பிக் கொண்டாந்து போடுறாங்க. நீயே வந்து கடையப் பாத்துக்கம்மா. பார்ட்னர்தான்."

"வரேண்ணே. ஆனா அந்த ரகத்துல ஒண்ணக்கூட நம்ம கடைக்காக ஜோடி சேக்கக் கூடாது, கோடு எவ்ளோ அழகா இருந்தாலும்."

"சரி லா."

"எழுதிக் குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் தேடி எடுத்து நீட்டினேன். மறுநாள் காலை சிங்கப்பூர் பஸ் ரூபினி இல்லாமல் போனது.