எலும்புக்கூட்டுக்கு நான் கட்டிய முண்டாசு

ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான வாத்தியார். ஒருநாள் கல்கத்தாவிலிருந்து மரப்பெட்டியில் நிஜமான மனித எலும்புக்கூடு வந்து சேர்ந்தது. பையன்கள் நடுங்கிப் போனார்கள். அவர்கள் பயம் தெளியட்டுமென்று என் துண்டை அதன் தலையில் முண்டாசாகக் கட்டி, பல்லிடுக்கில் பீடி ஒன்றைச் செருகினேன். "மாமா பேரிகைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போறாருடா!" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு ஏகப் பெருமை.

மாலையில் பெருக்க வந்த முனியம்மா அதன் முன்னால் நின்றுவிட்டாள். ஊரில் பிரசவம் பார்ப்பவளும் அவள்தான். இடுப்பெலும்பை விரலால் அளந்து பார்த்தாள்.

"சார், இது ஆம்பள இல்ல. புள்ள வர்ற வழி எத்தினி அகலமா இருக்குது, பாருங்க. இவளப் போயி இப்பிடி நிக்க வெச்சிட்டீங்களே!"

பீடியைப் பிடுங்கி எறிந்தாள். முண்டாசை அவிழ்த்து இடுப்பில் சுற்றிவிட்டாள். அத்தனை எலும்புக்கும் பேர் சொல்லத் தெரிந்த நான் அந்த அகலத்தைக் கவனித்திருக்கவே இல்லை.

மறுநாள் இடுப்பு மூட்டுப் பாடம். துண்டை விலக்கியே ஆகவேண்டும். கை வைத்ததும், "மன்னிச்சுக்கம்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பையன்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் நானே மறுபடி சுற்றிவிட்டேன். அந்தத் துண்டை அப்புறம் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.