இறுகிப்போன துவக்கு ஆணி

வேலியடியில் வாயைக் கொடுத்ததுதான் பிழை. ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய ரொக்ஸ்பரோவில், எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவரிடம், அவருடைய தகப்பன் மான் வேட்டைக்குக் கொண்டுபோன துவக்கு ஒன்று இருக்கிறது. மரப்பிடியைக் கழற்றித் துருத் துடைக்க வேண்டும். பிடியை இறுக்கும் திருகாணி அசையவில்லையாம். "சின்ன வேலை, கொண்டு வாங்கோ" என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் அடித்துவிட்டேன். தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவன் என்ற திமிர்.

கொண்டு வந்தே விட்டார். குண்டு இல்லை என்று திறந்து காட்டினார். பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு பேஸ்மென்ட் யன்னல் திரைகளை இழுத்து மூடினேன்.

"என்னப்பா, ஊரில மாதிரி ஆமி ரோந்து வாறானோ?" என்றாள் மனைவி.

"வெயில் கண்ணுக்குள்ள அடிக்குது."

"வெளியில மழை."

கிழவருக்கு ஒரே கவலை: ஆணித்தலையின் வெட்டுச் சிதையக் கூடாது. தகப்பன் கையால் பூட்டிய ஆணி. அதைப்போல இன்னொன்று கிடைக்காது. மேசை லாச்சியில் கிடக்கிற ஸ்குறூ டிரைவரின் நுனி ஆப்புப்போலச் சரிந்திருக்கும். பலமாகத் திருப்பினால் வழுக்கி வெட்டைத் தின்றுவிடும். வெட்டின் அடிவரை இறுக்கமாக நிரம்பும்படி ஒன்றின் நுனியை அரத்தால் அராவி எடுத்தேன். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்தேன். சோல்டரிங் அயனால் தலையைச் சூடாக்கினேன். எல்லாம் முறைப்படி. கைதான் மா அரிக்கிற மாதிரி ஆடியது.

"டூஸ்மான், டூஸ்மான்" என்றார் கிழவர். மெதுவாகவாம். என் நெஞ்சுக்கு அதை யார் சொல்வது?

துவக்கைத் தோல் சுற்றி வைஸ் இடுக்கியில் பிடித்திருந்தோம். உடம்புப் பாரம் முழுவதையும் மேலே கொடுத்து அழுத்தித் திருப்பினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம்.

டக்!

என் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டன. ஊரில் ஆமிச் சென்ரியில், சோதனைக்கு நிற்கும்போது தூக்கிப் பழகிய கைகள். என்னிடம் அனுமதி கேட்பதில்லை. கிழவர் என்னைப் பார்த்தார். ஹொக்கியில் கோல் விழுந்த சந்தோஷம் என்று நினைத்தாரோ என்னவோ, தானும் இரண்டு கையையும் தூக்கினார்.

தேத்தண்ணியோடு இறங்கிவந்த மனைவி படியிலேயே நின்றாள். "ரெண்டு பேரும் ஆரிட்டச் சரணடையிறியள்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடைந்தது துருவா, ஆணித்தலையா? மனுசன் கை தூக்கியபடி சிரித்துக்கொண்டு நிற்கிறார். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வெட்டின் ஓரம் அப்படியே கூராக இருந்தது. ஆணி கால் சுற்றுத் திரும்பியிருந்தது.

ஸ்குறூ டிரைவரைக் கிழவரிடம் நீட்டினேன். "உங்கட அப்பான்ர ஆணி. நீங்களே கழட்டுங்கோ."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மரியாதை என்று நினைத்துவிட்டார், பாவம். நான் ஆடுகிற கையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, அவர் திருப்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.