செவ்வாயும் வெள்ளியும் கறுத்த பிளக்குகள்

அன்றைக்கு எண்ணூர் ரோட்டில் அந்தக் காரோடு நின்றவர்கள் மூன்று பேர். டாக்டரம்மா, அவருடைய டிரைவர் முனுசாமி, மெக்கானிக் என்ற பெயரில் நான். மருந்தகத்துக் கம்பவுண்டர் வரவில்லை, அவருக்கு வயிறு சரியில்லை. பிற்காலத்தில் தானும் இருந்ததாக அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார். இருந்திருந்தால் அந்த வெயிலில் அவர் வாய் சும்மா இருந்திருக்காது, எனக்கும் மறந்திருக்காது.

இதெல்லாம் இப்போது நினைவில் கிளம்பியதற்குக் காரணம் ஒரு பட்டர் பிஸ்கட். நேற்று ராயபுரத்து டீக்கடையில் பிஸ்கட்டை வாங்கியதும் வழக்கம்போலத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா பெர்சு, புழு கீதானு பாக்குறியா? நேத்து வந்த சரக்கு."

நான் நிறம் பார்க்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். அந்தக் காலத்து மோட்டார் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்து எரிந்தால், ஸ்பார்க் பிளக்கின் நுனியில் உள்ள பீங்கான் பிஸ்கட்டின் அடிப்பக்க நிறத்துக்கு வந்துவிடும். பெட்ரோல் கூடிவிட்டால் கரி பிடித்துக் கறுக்கும், அதற்கு ரிச் என்று பெயர். காற்று கூடிவிட்டால் வெளுக்கும், அது வீக். ரிச்சில் பெட்ரோல் வீணாகும். வீக்கில் இன்ஜின் உள்ளுக்குள் காய்ந்து வால்வு கருகும். என் தொழில் முழுக்க இந்த மூன்று நிறத்துக்குள் அடங்கிவிட்டது. இப்போது அந்த மாதிரி வண்டிகளுக்கு மெழுகு பூசி, சுற்றிக் கயிறு கட்டி, தொடாதே என்று அட்டை மாட்டிக் கண்காட்சி வைக்கிறார்கள். போன வருஷம் பேரன் கூட்டிப் போனான். எனக்கு அங்கே ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, பானட்டைத் திறந்து ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காவலாளி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியான சமயம் அது. ராயபுரத்தில் தெருவுக்கு நாலு வீடு திறந்திருந்தால் அதிகம். எங்கள் ஒர்க்ஷாப் மேஸ்திரி குடும்பத்தோடு ஆற்காட்டுப் பக்கம் கிளம்பினார். சாவியை என் கையில் கொடுத்து, "ரெண்டு மாசம் பாத்துக்கோ" என்றார். தைரியத்தினால் நான் தங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். ரயிலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தேன். குண்டு விழலாம், விழாமலும் போகலாம், அந்த ரயிலில் ஏறினால் மூச்சு முட்டுவது நிச்சயம் என்று பட்டது. வயது இருபத்திரண்டு. ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவன். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதித் தெரு போய்த் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுக்கிற ரகம்.

டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். எங்கள் தெருக்கோடியில்தான் வீடு. பட்டணத்துக்கு வடக்கே மற்ற டாக்டர்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போன பிறகு, அவர் மட்டும் செவ்வாயும் வெள்ளியும் திருவொற்றியூர் மருந்தகத்துக்கும் அங்கிருந்து எண்ணூருக்கும் போய்க்கொண்டிருந்தார். மீன்பிடிக்கிற குப்பங்களுக்கும் உப்பளத்து ஆட்களுக்கும் அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அது இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடுகிறது என்று ஒரு நாள் காலையில் வண்டியோடு வந்து நின்றார்.

"தம்பி, மிச்சம் பத்து நாளைக்கு நான் என்ன செய்ய? நோய்கிட்ட ஒண்ணாந்தேதி வான்னு சொல்ல முடியாதுல்லா?"

பிளக்கைக் கழற்றினேன். நாலும் கறுப்பு. கார்பரேட்டருக்கு அடியில் ஓர் ஊசித் திருகு உண்டு, அதை உள்ளே முறுக்கினால் பெட்ரோல் குறையும். கால் சுற்று முறுக்கினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடி கறுப்பு. மறுபடி கால் சுற்று. அப்புறமும் கறுப்பு. இன்னும் கொஞ்சம். கண்ணுக்கு எதிரே கறுப்பு இருக்கும்போது வேறு என்ன செய்வது? மூன்றாவது வாரம் வண்டி நொண்டிக்கொண்டு வந்தது. இன்ஜினைத் திறந்தால் மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஓரம் எலி கடித்த வடை மாதிரி கருகிப்போயிருந்தது.

பிளக் ரிச் என்றது, வால்வு வீக் என்றது. ஒரே இன்ஜின் இரண்டு விதமாகச் சாட்சி சொன்னால் நான் யாரை நம்புவது? ஆனால் கருக்கியது என் கைதான். யுத்த காலத்தில் புது வால்வு எங்கே கிடைக்கும்? பழைய லாரி வால்வு ஒன்றைப் பிடித்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு லேத்தில் கடைந்து பொருத்த எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளில் வந்த செவ்வாய் வெள்ளியெல்லாம் டாக்டரம்மா ஜட்காவில் போனார். திரும்பும்போது ஒர்க்ஷாப் வாசலில் நிற்காமல் போவார். திட்டியிருந்தால் தேவலை.

இனி அந்த இன்ஜின் எரிக்கிற ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று முடிவு கட்டினேன். முதலில் ஊசியைச் சரியான இடத்துக்குத் திருப்பி, பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வரும்வரை ராயபுரத்துக்குள்ளேயே நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் தினமும் காலையில் வண்டி கிளம்பும் முன்பே டாக்டரம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். ஒர்க்ஷாப் சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று மாட்டியிருந்தது. முந்தின நாளின் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய், அதன் பின்பக்கத்தில் நாலு பிளக்கையும் முத்திரை குத்துகிற மாதிரி அழுத்துவேன். கரி இருந்தால் கறுப்பு வளையம் விழும், இல்லையென்றால் மங்கலாக ஒரு கறை. முனுசாமிக்கு இது பெரிய வேடிக்கை.

"இன்னா மாமு, வண்டிக்கு ரேகை எடுக்குறியா? எங்கனா திருடிட்ச்சா?"

முனுசாமி திருவொற்றியூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் கேலி செய்தால் சிரித்து வைப்பேன்.

இரண்டு வாரத் தாள்களை ஒர்க்ஷாப் தரையில் வரிசையாகப் பரப்பினேன். கரி எல்லாத் தாளிலும் இல்லை. திருப்பிக் கிழமையைப் பார்த்தேன். செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி. ராயபுரத்துக்குள் ஓடிய நாளெல்லாம் பிஸ்கட், எண்ணூர் போன நாளெல்லாம் கறுப்பு.

மறுநாள் முனுசாமியிடம் காட்டினேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உப்புக் காத்து மாமு. கடலோரமா போவுதில்ல, அதான்."

"ராயபுரத்துல மட்டும் கடல் இல்லியா அண்ணாத்தே?"

"உனக்கு எப்பவும் சந்தேகம். வூட்டுக்குப் போயி பூட்ட இழுத்துப் பாரு, போ."

அடுத்த வெள்ளிக்கிழமை பிளக் ஸ்பானரோடு நானும் ஏறிக்கொண்டேன். டாக்டரம்மாவிடம், வழியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். "சரி" என்றார். வால்வு கருகின பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

பிளக்கைச் சும்மா பார்க்கக் கூடாது. வண்டி நல்ல வேகத்தில் ஓடும்போதே சாவியை அணைத்து, கிளட்சை மிதித்து, அப்படியே உருண்டு வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் ஓட்டத்தில் எரிந்த நிறம் கலையாமல் இருக்கும். தண்டையார்பேட்டை தாண்டி ஒரு தடவை நிறுத்திப் பார்த்தேன். பிஸ்கட். திருவொற்றியூர் நுழைவதற்கு முன்னால் ஒரு தடவை. பிஸ்கட். பிளக் கொதிக்கும், துணி சுற்றிப் பிடித்தும் இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது. மருந்தகத்தில் டாக்டரம்மாவுக்கு இரண்டு மணி நேர வேலை. நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து கிளம்பினோம்.

எர்ணாவூர் தாண்டினதும் இன்ஜின் தட்ட ஆரம்பித்தது. பின்னால் வெள்ளைப் புகை. "நிறுத்துங்க" என்றேன். வலது பக்கம் கடல், இடது பக்கம் உப்புப் பாத்தி, நடுவில் ஒரு மைல்கல். பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. இன்ஜின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஓட ஓட ஆயில் குறையத்தான் வேண்டும். இதில் போன வாரத்தைவிட ஏறியிருந்தது, எரியாத எண்ணெய் ஏதோ உள்ளே இறங்கியிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். எங்கள் வீட்டு அரிக்கேன் விளக்கின் வாசனை.

முனுசாமி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா இறங்கி வந்தார். "என்ன தம்பி அது?"

சொன்னால் முனுசாமிக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் இன்னொரு வால்வு போகும், எண்ணூரும் போகும். குச்சியைத் துடைக்கிறேன், மறுபடி துடைக்கிறேன்.

"அவன இன்னாத்துக்குமா கேக்குறே?" என்றார் முனுசாமி, திரும்பாமலே. "நான்தான் கிருஷ்ணாயில் ஊத்தனேன்."

அவர் வீடு மருந்தகத்துக்குப் பின் தெரு. கூப்பன் பத்தாது என்று டாக்டரம்மா என்னிடம் சொன்ன அதே வாரத்திலிருந்து, ஒவ்வொரு எண்ணூர் நடைக்கும் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்து டாங்க்கில் ஊற்றியிருக்கிறார். நான் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே வந்தேன், அவர் மண்ணெண்ணெயைச் சேர்த்துக்கொண்டே வந்தார். நான் முதலில் பார்த்த கறுப்பு நிஜம், அதற்கு அந்தக் கால் சுற்று போதும். அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் அவர் வீட்டு எண்ணெயின் புகை. ஒரே மிச்சத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடிக்கப் போய் வால்வைக் கருக்கியிருக்கிறோம்.

"மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில நிக்கிது. உங்க வீட்டு விளக்குக்கு என்ன செஞ்ச?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வெளக்கு இன்னாத்துக்குமா, ஜப்பான்காரனுக்கு வயி காட்டவா? ஊரே இருட்டாத்தான் கீது." பிறகு கொஞ்சம் குரல் இறங்கியது. "குப்பத்துல நாலு பொம்பளைங்க மாசமா கீறாங்க. வண்டி நின்னுபோச்சுன்னா அதுங்க இன்னா பண்ணும்?"

டாக்டரம்மா வண்டிக்குள் போய் மருந்துச் சீட்டுக் கட்டை எடுத்தார். எத்தனை பாட்டில் என்று கேட்டார். முனுசாமி மேலே பார்த்து, விரல் மடக்கி, பதினைந்து என்றார். பாட்டில் இரண்டணா. பெருக்கி எழுதி, சீட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"நான் குடுத்தா இவன் வாங்க மாட்டான். உங்க ரிப்பேர் பில்லை முழுசாத் தாரேன், அதுல இருந்து இத நீங்க இவனுக்குக் குடுத்திருங்க. இப்ப சொல்லுங்க, வெறும் பெட்ரோல்ல இந்த வண்டி முப்பதாந்தேதி வரைக்கும் ஓடுமா?"

"ஓடும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்று வரை தெரியாது.

டாங்க்கையும் ஆயிலையும் வடித்துவிட்டு அன்று இரவு முழுக்க யோசித்தேன். பெட்ரோலை ஊசியில் மிச்சம் பிடிக்க முடியாது, அதற்கு வேண்டியது அதற்கு வேண்டும். வேறெங்கே போகிறது? ஜாக்கி வைத்துச் சக்கரம் சக்கரமாகச் சுற்றிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருந்தது. டயரில் காற்று குறைவு. மருந்தக வாசலில் முனுசாமி இன்ஜினை ஓடவிட்டபடியே அரட்டை அடிக்கிற வழக்கத்துக்கும் முடிவு கட்டினேன். டாக்டரம்மா தெருத்தெருவாக வண்டியில் போவதை விட்டு, குப்பத்துக்குள் குடை பிடித்து நடந்தார். நான் தாள் கிழித்து அழுத்திக்கொண்டே இருந்தேன். செவ்வாய், பிஸ்கட். வெள்ளி, பிஸ்கட்.

முப்பதாம் தேதி எண்ணூர் போய்த் திரும்பி வந்த வண்டியின் டாங்க்கில் மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தோம். நுனியில் ஒரு நகத்தளவு ஈரம். முனுசாமி குச்சியை வாங்கி முகர்ந்து பார்த்து, "சுத்த பெட்ரோலு" என்றார். டாக்டரம்மா பில்லோடு தந்திருந்த அந்தப் பாட்டில் பணத்தை நான் உடனே எடுத்து நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

"இப்ப வாங்கிட்டா அப்பால நீ வண்டியவே கண்டுக்க மாட்டே. வர்ற மாசமும் ஓடட்டும், பாக்கலாம்."

அடுத்த மாதமும் ஓடியது, அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு முப்பதாம் தேதியும் நான் நீட்டுவேன், அவர் அதையே சொல்வார். மேஸ்திரி திரும்பி வந்தார், யுத்தம் முடிந்தது, டாக்டரம்மா வண்டியை விற்றுவிட்டு ஊரோடு போனார். முனுசாமி மாதவரத்தில் லாரி ஓட்டப் போய், அங்கேயே ஒரு மழைக்காலத்தில் காலமானார். எனக்குச் சேதி வந்தது ஒரு மாதம் கழித்து.

இப்போது நாங்கள் நின்ற அந்த இடத்தில் உப்புப் பாத்தி இல்லை. இரும்புப் பெட்டிகளை ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மைல்கல்லைத் தேடினேன், ரோடு அகலமானபோது போயிருக்க வேண்டும். அவர் வீடு இருந்த பின் தெருவில் கேட்டேன், முனுசாமி என்று சொன்னால் தெரிந்த ஆள் இல்லை. அணாவும் போய்விட்டது, யாரையாவது கண்டுபிடித்தாலும் எதைக் கொண்டு கொடுப்பேன்? அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி ஒரு ரூபாய் பதினாலு அணா.